விபத்துக்குப் பின் கரோடிட் தமனியில் அனூரிசம், ஃபிஸ்டுலா: ரத்தக்குழாய் வழிச் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியில் ஏற்படும் காயம் பல நேரம் அடிபட்ட அன்று தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது, மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது, ஆள் வீட்டுக்கும் வந்துவிட்டார். சில நாட்களோ வாரங்களோ கழித்து ஒரு கண் சிவந்து பிதுங்கத் தொடங்கும். அல்லது மூக்கிலிருந்து குபுகுபுவென ரத்தம் கொட்டும். அல்லது திடீரென்று ஒரு பக்கம் கை, கால் விழுந்துவிடும். இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே தமனி இருக்கலாம்.

இந்தச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பத்தாரையும், இந்தத் துறையில் நுழையும் இளம் மருத்துவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காயில் (மெல்லிய உலோகச் சுருள்), ஸ்டென்ட் (தமனிக்குள் விரியும் வலைக் குழாய்), பலூன் என்று கருவிகளின் பெயர்தான் எல்லோர் காதிலும் முதலில் விழும். ஆனால் கருவி கடைசியில் வர வேண்டியது. முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இதுதான்: இந்தத் தமனியைத் திறந்த நிலையிலேயே காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால், அது இல்லாமல் மூளை தாங்குமா? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது.

எங்கே கிழிகிறது, ஏன் அங்கே

பொதுக் கரோடிட் தமனி கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கரோடிட் முகத்துக்கும் தலையின் தோலுக்கும் ரத்தம் தருகிறது. உட்கரோடிட் கழுத்தில் கிளை எதுவும் விடாமல் மேலேறி, மண்டையோட்டின் அடித்தள எலும்புக்குள் புகுந்து, கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக்குழியின் நடுவே வளைந்து, மூளைக்குப் போகிறது. நாம் பேசப்போவது பெரும்பாலும் இந்த உட்கரோடிட்டைப் பற்றித்தான்.

இதில் இரண்டு இடங்கள் அடிக்கடி அடிபடும். ஒன்று கழுத்தின் மேற்பகுதி. தலை பின்னுக்கு மடங்கி ஒரு பக்கம் திரும்பும்போது, முதல் இரண்டு கழுத்து எலும்புகளின் மேல் தமனி இழுபடுகிறது. அதன் உள்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்துகொள்கிறது. இன்னொன்று மண்டையோட்டின் அடித்தளம். அங்கே தமனி எலும்போடும் மூளை உறையோடும் இறுகப் பிணைந்திருப்பதால், எலும்பு உடையும்போது அதனால் விலகிக்கொள்ள முடியாது.

கிழிசல் எங்கே திறக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் முகம் மாறுகிறது. தமனிச் சுவர் முழுவதும் கிழிந்து, வெளியே வந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு மட்டும் தடுத்து நிறுத்தினால் அது போலி அனூரிசம். சாதாரண அனூரிசத்துக்கு, அதாவது தமனிச் சுவர் பலவீனமாகிப் பையாக உப்பிய வீக்கத்துக்கு, மெலிந்த சுவராவது இருக்கும். இதற்குப் பல நேரம் உறைந்த ரத்தம்தான் சுவர். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இதுதான் பேசும். கேவர்னஸ் சைனஸுக்குள் தமனி கிழிந்தால் கதையே வேறு. தொட்டிக்குள் ஓடும் அழுத்தக் குழாய் உடைந்ததைப் போல, தமனியின் முழு அழுத்தமும் சிரைக்குழிக்குள் பாய்கிறது. அங்கிருந்து ரத்தம் கண்ணின் சிரைகளுக்குள் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இதுதான் கரோடிட்-கேவர்னஸ் ஃபிஸ்டுலா. 1985-ல் நரம்பியல் அறுவை மருத்துவர் பாரோவின் குழுவினர் வகுத்த வகைப்பாட்டில், தமனியிலிருந்து நேரடியாகப் பாயும் இது ஏ வகை. காயத்தால் வருபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

படி 1: சந்தேகப்படுவது

இந்தப் படியில்தான் அதிகக் காலம் வீணாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தலைக்காயத்துக்குப் பிறகு ஒரு கண் சிவந்தால், அதைக் கண்வலி என்று நினைத்துச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பது சகஜமாக நடக்கிறது. வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். சாதாரணக் கண்வலியில் சிவப்பு பரவலாக இருக்கும், பீளை வரும், கண் பிதுங்காது. ஃபிஸ்டுலாவில் வெண்விழியின் சிரைகள் ஒவ்வொன்றும் தடித்து, திருகு திருகாக, கருவிழியின் ஓரம் வரை ஓடிவரும். இமை வீங்கி, விழி முன்னுக்கு வந்திருக்கும். மெதுவாக விரல் வைத்தால் நாடியோடு சேர்ந்து துடிப்பதும் தெரியலாம். கண்ணை மூடச் சொல்லி, இமையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பின் சிறிய பக்கத்தை வைத்துக் கேளுங்கள். இதயத் துடிப்போடு இணைந்து 'உஷ்... உஷ்...' என்று ஓர் இரைச்சல் கேட்டால், வேறு சோதனைக்காகக் காத்திருக்காமல் ஆஞ்சியோவுக்கு (சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது) ஏற்பாடு செய்ய வேண்டும். பல நேரம் நோயாளியே சொல்லிவிடுவார்: "தலைக்குள்ள ஏதோ ஓடுற மாதிரி சத்தம், ராத்திரி தூங்க முடியல." அந்தப் பேச்சை மன அழுத்தம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இரட்டைப் பார்வையும் முக்கியமான அறிகுறி. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு, கேவர்னஸ் சைனஸுக்குள் தமனியை ஒட்டியே ஓடுகிறது. அதனால் அதுதான் அடிக்கடி பாதிக்கப்படுகிறது. பார்வை மங்கினாலோ கண் அழுத்தம் ஏறினாலோ நாள் கணக்கில் காத்திருக்க முடியாது, சிகிச்சையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

மூக்கு வழி ரத்தம் வேறொரு எச்சரிக்கை. மண்டையோட்டு அடித்தளம் உடைந்தவருக்கு, அடிபட்டு நாட்களோ வாரங்களோ கழித்து மூக்கில் ஏராளமாக ரத்தம் வந்து தானாக நின்றுபோனால், தமனியிலிருந்து மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு எலும்பறைக்குள் நீண்டிருக்கும் போலி அனூரிசத்தை நினைக்க வேண்டும். ஒரு பக்கப் பார்வை இழப்பு, கண்குழி எலும்பு முறிவு, பெருமளவு மூக்கு ரத்தம் மூன்றும் சேர்ந்து வருவது இதன் பழைய, நம்பகமான அடையாளம். முதல் கசிவு நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது. அடுத்தது உயிரைப் பறிக்கும் அளவுக்கு இருக்கலாம். மூக்கில் திணித்த துணியை வார்டில் வைத்து எடுத்துப் பார்க்கவும் கூடாது. எடுப்பதானால் ரத்தமும் மயக்க மருந்து நிபுணரும் கேத் லேபும் (ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை செய்யும் அறை) தயாராக இருக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டும்.

கழுத்துப் பகுதிக் காயத்தில் அறிகுறிகள் அடங்கியவை: ஒரு பக்கக் கழுத்துவலி, ஒரு இமை சற்றுத் தாழ்ந்து அந்தப் பக்கக் கண்மணி சுருங்கியிருப்பது, கழுத்தில் பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம். எந்த அறிகுறியும் இல்லாமல் நேரே பக்கவாதமாக வெளிப்படுவதும் உண்டு. அதனால்தான் அடித்தள எலும்பு முறிவு, நடு முகம் நொறுங்கியது, மேல் கழுத்தெலும்பு முறிவு, கழுத்து நெரிப்பு ஆகியவற்றில் அறிகுறிக்குக் காத்திராமல் கழுத்துத் தமனிகளையும் படம் எடுத்துவிடுகிறார்கள்.

படி 2: படம் எடுப்பது

தொடக்கம் சி.டி. ஆஞ்சியோ. விரைவானது, எலும்பையும் தமனியையும் ஒன்றாகக் காட்டும். அதில் தெரிவதை டென்வர் அளவுகோலில் ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உள்விட்டம் 25 சதவீதத்துக்குக் குறைவாகச் சுருங்கியிருந்தால் முதல் நிலை. அதற்கு மேல் சுருக்கமோ, உள்ளே ரத்தக்கட்டியோ, தொங்கும் கிழிசலோ இருந்தால் இரண்டு. போலி அனூரிசம் மூன்று. முழு அடைப்பு நான்கு. தமனி அறுந்து ரத்தம் வெளியேறுவது ஐந்து. முதல் நிலைக் காயங்கள் பல, மருந்திலேயே ஆறிவிடும். மூன்றாம் நிலை தானாக மறைவது அரிது. காயம் ஒரு வாரத்துக்குள்ளேயே நிலை மாறக்கூடும் என்பதால், ஏழு முதல் பத்து நாட்களுக்குள் இன்னொரு முறை படம் எடுக்கிறார்கள். அந்த இரண்டாவது படத்தைத் தவறவிடாதீர்கள்.

சிகிச்சை தேவை என்றானதும் கதீட்டர் வழி ஆஞ்சியோ, அதாவது டி.எஸ்.ஏ., வேண்டும். தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, இரு பக்க உட்கரோடிட், வெளிக்கரோடிட், முதுகெலும்புத் தமனிகள் எல்லாவற்றிலும் தனித்தனியாகச் சாயம் செலுத்திப் பார்க்கிறார்கள். அடிபட்ட பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது பாதி வேலை. தமனியை மூட நேர்ந்தால் மூளைக்கு ரத்தம் எங்கிருந்து வரும் என்பது மற்ற தமனிகளில்தான் தெரியும்.

பெரிய ஃபிஸ்டுலாவில் ஒரு சிக்கல் உண்டு. சாயம் உட்கரோடிட்டில் ஏறிய அடுத்த கணமே கேவர்னஸ் சைனஸும், கண்ணின் மேல் சிரையும், சில நேரம் எதிர்ப்பக்க சைனஸும் கறுத்துவிடும். அந்தக் குழப்பத்துக்குள் ஓட்டை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அப்போது கழுத்தில் அந்தப் பக்கத் தமனியைக் கையால் அழுத்திக்கொண்டு, முதுகெலும்புத் தமனியில் சாயம் விடுவார்கள். சாயம் மூளையின் பின்பக்க இணைப்பு வழியாக மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிவந்து ஓட்டையின் மேல் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். பழைய உத்திதான், ஆனால் இன்றும் இதற்கு ஈடாக எதையும் சொல்லத் தோன்றவில்லை.

இந்தப் படத்தில் கண்டிப்பாகத் தேட வேண்டியது ஒன்று: சிரை ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் பின்னோக்கிப் போகிறதா? போனால் மூளைக்குள் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு. கண் எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும் அது அவசர நிலைதான்.

படி 3: தமனி வேண்டுமா, இல்லாமல் முடியுமா

1809-ல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ் துடிக்கும் கண்பிதுக்கத்துக்காகப் பொதுக் கரோடிட் தமனியைக் கழுத்தில் கட்டினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் இதுதான் வழி. பல பேருக்கு அது கைகொடுக்கவில்லை. காரணம், மூளையின் அடியில் எல்லாத் தமனிகளும் வளையமாக இணைந்திருக்கின்றன. கீழே கட்டினால், மேலிருந்து ரத்தம் திரும்பி வந்து அதே ஓட்டையில் பாயும். மூளைக்குப் போக வேண்டிய ரத்தமும் சேர்ந்து களவு போகும். ஆகவே ஒன்று ஓட்டையை மட்டும் அடைத்துத் தமனியைக் காக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டைக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் மூட வேண்டும். கீழே மட்டும் மூடுவது சிகிச்சை ஆகாது. அதோடு, பின்னால் உள்ளே போவதற்கான பாதையையும் அது அடைத்துவிடும்.

மூடலாமா என்று அறிய பலூன் சோதனை செய்கிறார்கள். நோயாளி விழித்திருக்கும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுத்து, உட்கரோடிட்டுக்குள் சிறு பலூனை ஊதி ரத்த ஓட்டத்தை இருபது முப்பது நிமிடம் நிறுத்துவார்கள். பேசச் சொல்வார்கள், கையை நீட்டச் சொல்வார்கள், எண்ணச் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருந்தால் ரத்த அழுத்தத்தை மருந்தால் கொஞ்சம் இறக்கி மறுபடி பார்ப்பார்கள். ஏதாவது தடுமாறினால் அந்த நொடியே பலூன் சுருங்கும். கூடவே எதிர்ப்பக்கத் தமனியில் சாயம் விட்டு, இரண்டு பக்க மூளையின் சிரைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிரம்புகின்றனவா என்று பார்க்கிறார்கள். வித்தியாசம் இரண்டு நொடிக்குள் இருந்தால் நல்ல அடையாளம். மயக்கத்தில் இருக்கும் விபத்து நோயாளிகளிடம் பேச்சுச் சோதனை முடியாது. இந்தச் சிரை நேரம்தான் துணை. சோதனையில் தேறியவர்களிலும் ஒரு சிறு பங்கினருக்குப் பின்னால் பக்கவாதம் வரலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தேறவில்லை, தமனியையும் காக்க முடியவில்லை என்றால், முதலில் பைபாஸ் அறுவை செய்து மாற்று வழி அமைத்த பிறகே மூட முடியும்.

படி 4: ஃபிஸ்டுலாவை அடைப்பது

பிரித்துவிடக்கூடிய பலூனை மாஸ்கோவில் செர்பினென்கோ உருவாக்கி, 1974-ல் தன் அனுபவத்தை வெளியிட்டார். ஓட்டை வழியாக பலூனை சைனஸுக்குள் மிதக்கவிட்டு, ஊதி, அங்கேயே விட்டுவிடுவது அவர் வழி. தமனி திறந்தே இருக்கும். மருத்துவ வரலாற்றில் மிக அழகான யோசனைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் எலும்புத் துணுக்கு குத்தி பலூன் வெடிப்பதும், முன்கூட்டியே சுருங்குவதும் நடந்தன. 1990-ல் குக்லியெல்மியின் மின்சாரத்தால் பிரியும் பிளாட்டினம் காயில்கள் நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, பல இடங்களில் காயிலே முதல் தேர்வாகிவிட்டது.

இன்று பொதுவாக நடப்பது இப்படி. முழு மயக்கம் கொடுத்து, வழிகாட்டிக் குழாயான கைட் கதீட்டரை உட்கரோடிட்டில் நிலைநிறுத்தி, ஹெபாரின் கொடுக்கிறார்கள். முதலில் ஓட்டைக்கு நேராகத் தமனிக்குள் ஒரு மென்மையான பலூன் போகிறது. தேவைப்படும்போது ஊதித் தமனியைப் பாதுகாக்க. அப்புறம் அதன் உள்ளே போகும் மிக மெல்லிய மைக்ரோ கதீட்டரை ஓட்டை வழியாக சைனஸுக்குள் செலுத்துகிறார்கள். ரத்தம் அந்தப் பக்கமே இழுப்பதால் உள்ளே போவது பெரும்பாலும் சிரமமில்லை, நினைத்த அறைக்குள் போவதுதான் சிரமம்.

அடைப்பதில் வரிசை உண்டு. மூளைச் சிரைக்கும் கண் சிரைக்கும் போகும் வாய்களை முதலில் காயிலால் மூடிவிட்டு, பிறகு ஓட்டையை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே அடைக்க வேண்டும். வரிசை மாறினால், பாதி அடைபட்ட சைனஸிலிருந்து முழு அழுத்தமும் மிச்சமிருக்கும் ஆபத்தான வழியில் பாயும். காயில்களுக்கு நடுவே எஞ்சும் இடைவெளிக்குப் பலரும் உள்ளே போனதும் இறுகிவிடும் ஓனிக்ஸ் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். அப்போது தமனிக்குள் பலூன் ஊதியே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு துளி மூளைக்குப் போய்விடும். மூளைக்கு ரத்தம் போக, சில நிமிடத்துக்கு ஒரு முறை திரவத்தை நிறுத்திவிட்டு பலூனை இறக்குவார்கள். ஓனிக்ஸைக் கரைத்து வைத்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. வேகமாகப் போனால் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு சட்டென்று இறங்கலாம். எனவே மிக மெதுவாகச் செலுத்துவதும், மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் வழக்கம்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் அனுபவம் பேசும் இடம். ஆறாவது நரம்பு அதே சைனஸுக்குள் இருக்கிறது. இறுக்கி இறுக்கி அடைத்தால் இரட்டைப் பார்வை நிலைத்துவிடலாம். ஓட்டம் நின்றுவிட்டால் போதும். படம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொரு காயில் போடத் தேவையில்லை.

ஓட்டை வழியாகப் போக முடியாவிட்டால் சிரைப் பக்கமிருந்து வருகிறார்கள்: தொடைச் சிரை, கழுத்துச் சிரை, அங்கிருந்து கீழ்ப் பெட்ரோசல் சைனஸ் என்ற சிரைப்பாதை வழியாக கேவர்னஸ் சைனஸ். அதுவும் அடைபட்டிருந்தால், மேலிமையில் சிறு வெட்டுப் போட்டுக் கண்ணின் மேல் சிரை வழியாக நேரே உள்ளே போகலாம்.

கவர்டு ஸ்டென்ட், அதாவது துணிபோன்ற உறை பூண்ட ஸ்டென்ட், ஓட்டையை ஒரே அடியில் மூடிவிடும். கேட்க எளிது. ஆனால் விறைப்பானது, தமனியின் வளைவில் ஏறுவது கடினம், ஓரத்தில் கசிவு மிஞ்சலாம். ஃப்ளோ டைவர்ட்டர் என்ற நெருக்கமான வலை ஸ்டென்ட் வளைவில் நன்றாக ஏறும். ஆனால் அதன் வேலை மெதுவானது, வேகமாகப் பாயும் ஃபிஸ்டுலாவைத் தனியாக நிறுத்துவது கடினம், காயிலோடு சேர்த்தால் பலன் அதிகம். இரண்டு ஸ்டென்ட்டுகளுக்கும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். விபத்தில் மூளைக்குள்ளும் ரத்தம் கசிந்தவருக்கு, மண்ணீரல் கிழிந்தவருக்கு, நாளை கால் அறுவை இருப்பவருக்கு இந்த மாத்திரைகள் பெரும் ஆபத்து. அதனால் ஸ்டென்ட் இல்லாமல் முடிக்க முடிந்தால் அதுவே என் விருப்பம்.

போலி அனூரிசத்தில் வேறு கணக்கு

முன்பு சொன்ன சுவர் விஷயம் இங்கே வருகிறது. உறைந்த ரத்தத்தையே சுவராகக் கொண்ட பைக்குள் காயிலை மட்டும் அடைத்தால், காயில் அந்தக் கட்டியைத் துளைத்துக்கொண்டு போகலாம். கட்டி கரையக் கரைய காயில் உள்ளே ஒதுங்கி, அனூரிசம் மறுபடி நிரம்பலாம். சிகிச்சையின் குறி பை அல்ல, கிழிந்த தமனிதான்.

கழுத்தில் உள்ள சிறிய, அமைதியான போலி அனூரிசத்துக்கு முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் மறு படமும். பெரிதாகிக்கொண்டே போனால், மருந்தையும் மீறிப் பக்கவாத அறிகுறி வந்தால், தமனி குறுகி ஓட்டம் குறைந்தால் ஸ்டென்ட். கழுத்தில் தமனி நேராகவும் அகலமாகவும் இருப்பதால் கவர்டு ஸ்டென்ட் இங்கே நன்றாகவே பொருந்தும். சாதாரண ஸ்டென்ட்டின் வலைக்கண் வழியாகக் காயில் போடுவதும் ஒரு வழி.

மண்டையோட்டு அடித்தளத்தில் மூக்கு வழியாக ரத்தம் கொட்டும் அனூரிசத்துக்கு அவகாசம் கிடையாது. ஃப்ளோ டைவர்ட்டர் முழுப் பலன் தர வாரங்கள், மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த ரத்தக்கசிவு வந்துவிடலாம். உடனடியாக மூடும் கவர்டு ஸ்டென்ட் அல்லது சோதனையில் தேறினால் தமனியையே கிழிசலுக்கு மேலும் கீழும் மூடுவது, இந்த இரண்டில் ஒன்றுதான் உறுதியானது. தமனியை மூடும்போது காயில்களைக் கிழிசலுக்கு மேலே தொடங்கி, கிழிசலைத் தாண்டி, கீழே வரை இறக்குவார்கள். கண்ணுக்குப் போகும் கிளை பிரியும் இடத்துக்கு முன்பே மேல் எல்லை நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

சிகிச்சைக்குப் பின்

மயக்கம் தெளிந்ததும் தலைக்குள் இருந்த சத்தம் நின்றுவிட்டது என்று நோயாளி சொல்வதுதான் முதல் நற்செய்தி. கண் சிவப்பும் வீக்கமும் நாட்கள், வாரங்களில் இறங்கும். கண்ணின் சிரையில் ரத்தம் உறைவதால் முதல் சில நாள் வீக்கம் கூடியும் தெரியலாம். ஆனால் பார்வை குறைந்தால் உடனே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். இரட்டைப் பார்வை சரியாக மாதங்கள் ஆகலாம். சிகிச்சைக்கு முன்பே முழுவதும் போயிருந்த பார்வை திரும்புவது அரிது.

முதல் நாளில் ரத்த அழுத்தம்தான் முக்கியம். ஓட்டையை அடைத்தவருக்கு, இவ்வளவு நாள் குறைவாக ரத்தம் பெற்ற மூளைக்குத் திடீரென முழு ஓட்டம் போவதால், அழுத்தம் ஏறவிடக் கூடாது. தமனியை மூடியவருக்கு நேர்மாறு: அழுத்தம் இறங்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்து, படுக்கையிலிருந்து படிப்படியாகத்தான் எழுப்ப வேண்டும். இமை முழுதாக மூடாத கண்ணுக்குக் களிம்பும் சொட்டு மருந்தும் தவறாமல் வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் இரண்டு மாத்திரைகளையும் மருத்துவர் சொன்ன காலம் வரை, பொதுவாகச் சில மாதங்கள், ஒரு நாளும் விடாமல் எடுக்க வேண்டும். பிறகு ஆஸ்பிரின் மட்டும் தொடரும். பல் பிடுங்குவதற்காகவோ வேறு அறுவைக்காகவோ யாராவது நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் வருவது பக்கவாதம்.

மறு ஆஞ்சியோ பெரும்பாலும் ஆறு மாத வாக்கில். சத்தம் நின்றுவிட்டது, கண் வெளுத்துவிட்டது என்று பலரும் இதற்கு வருவதில்லை. காயில் ஒதுங்கியிருக்கிறதா, ஓட்டை இருந்த இடத்தில் புதிதாகப் போலி அனூரிசம் உருவாகியிருக்கிறதா என்பது வெளியே தெரியாது, படத்தில்தான் தெரியும். பிளாட்டினம் காயிலோடு எம்.ஆர்.ஐ. எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் எந்தக் கருவி வைக்கப்பட்டது என்று எழுதிய அட்டையைக் கையோடு வைத்திருங்கள். சத்தம் மறுபடி கேட்டால், கண் மறுபடி சிவந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், பேச்சோ கை காலோ ஒரு நிமிடம் தடுமாறி உடனே சரியாகிவிட்டால்கூட, அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.